ஷெல்வ் கோப்பில் சேமித்தது காணாமல் போனபோது

அம்மாவின் பால் கணக்குக்காகப் பைத்தானில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். இதற்குப் பெரிய டேட்டாபேஸ் எல்லாம் எதற்கு என்று கீ, வேல்யூ என்று ஜோடியாகக் கோப்பில் சேமித்துத் தரும், பைத்தானோடே வரும் ஷெல்வ் (shelve) மாட்யூலையே எடுத்துக்கொண்டேன். வீட்டுப் பெயர் கீ, அந்த வீட்டுக்கு ஊற்றிய லிட்டர்களின் லிஸ்ட் வேல்யூ, அவ்வளவுதான். முதல் பதிவு சரியாக ஏறியது. மறுநாள் லிஸ்ட்டின் கடைசியில் அப்பெண்ட் செய்த (சேர்த்த) லிட்டர் எதுவும் கோப்பில் இல்லை, எரர் செய்தியும் வரவில்லை, கோப்பை ஒழுங்காக மூடவில்லையோ என்று இரண்டு ராத்திரி அதையே தேடிக்கொண்டிருந்தேன்.

விஷயம் வேறு. ஷெல்வ் பார்க்க டிக்‌ஷனரி போலவே இருந்தாலும், கீயைக் கொடுத்து எடுக்கும்போது நம் கைக்கு வருவது பிக்கிள் (பைத்தான் பொருள்களைக் கோப்பில் வைக்கும்படி மாற்றி, திரும்பப் பிரித்தெடுக்கும் மாட்யூல்) பிரித்துத் தரும் ஒரு புது நகல். அந்த நகலில் அப்பெண்ட் செய்தால் அது மெமரியோடு போய்விடும், திரும்ப அதே கீக்கு அசைன் செய்தால்தான் கோப்பில் ஏறும். ஷெல்வைத் திறக்கும்போது ரைட்பேக் (writeback) என்ற ஆப்ஷனை ட்ரூ என்று வைத்தாலும் வேலை நடக்கும். ஆனால் தொட்ட எல்லாவற்றையும் மெமரியில் வைத்திருந்து மூடும்போது மொத்தமாக எழுதுவதால், பதிவுகள் கூடக்கூட மெதுவாகிவிடும். எனக்கு அது வேண்டாம் என்று பட்டது. லிஸ்ட்டை எடுத்து, சேர்த்து, திரும்ப அசைன் செய்யும் மூன்று வரி போதும். பைத்தான் 3.4 முதல் வித் (with) பிளாக்கிலும் திறக்கலாம், பிளாக் முடிந்ததும் அதுவே மூடிவிடும், மூட மறக்கும் கவலை இல்லை.

அப்புறம், லினக்ஸில் ஷெல்வுக்காக ஜிடிபிஎம் (ஷெல்வ் பின்னால் பயன்படுத்தக்கூடிய ஒரு கோப்பு நூலகம்) எழுதிய கோப்பை விண்டோஸுக்கு அப்படியே கொண்டுபோகாதீர்கள், அங்கே திறக்காது. நான் ஜேசனாக (JSON, எங்கும் படிக்கக்கூடிய உரை வடிவம்) எழுதி எடுத்துப்போய், அங்கே புதுக் கோப்பில் ஏற்றினேன்.