மலைக்குப் போகும் மோட்டார்ஹோம்: கீழேயே செய்துவிடும் தவறுகள்

சமவெளியில் இரண்டு வருடம் ஒரு தொந்தரவும் தராத மோட்டார்ஹோம் (படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி), மலையில் நிறுத்திய முதல் ராத்திரியே மக்கர் பண்ணும். அடுப்பு எரியாது, ஃபிரிட்ஜ் குளிராது, விடிந்து குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது. வண்டியில் புதிதாக எதுவும் கெட்டிருக்காது. கீழே ஒத்துவந்த பழக்கங்களை அப்படியே மேலே கொண்டுபோனதுதான் காரணம்.

முதலில் பிரேக். ஏற்றத்தில் வண்டி இழுக்குமா என்றுதான் பலரும் கவலைப்படுகிறார்கள். இழுக்காவிட்டால் மெதுவாகப் போகும், அவ்வளவுதான். இறக்கம் அப்படி இல்லை. மூன்றரை டன் வண்டி கீழே இறங்கும்போது காலை பிரேக் மேலேயே லேசாக வைத்துக்கொண்டு வந்தால், சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக் பேடு சூடேறிப் பிடிமானம் குறையும். அடுத்து பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விழும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். "எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு" என்பது பழைய ஓட்டுநர்கள் சொல்லித்தரும் பாடம். இன்றைய டர்போ எஞ்சின்கள் உயர்ந்த கியரிலேயே ஏறிவிடுவதால், இறங்க அதைவிட ஒன்று குறைத்தே வைக்க வேண்டியிருக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியிலும் கியரைக் குறைத்துப் பிடித்துவைக்க வழி இருக்கும், அதைக் கீழேயே பழகிக்கொள்ளுங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே கியர் மாறியிருக்க வேண்டும், முதல் கொண்டை ஊசி வளைவில் போய்த் தேடக் கூடாது. வேகம் கூடினால் அழுத்தி மிதித்துக் குறைத்துவிட்டு, காலை முழுசாக எடுத்துவிடுங்கள். கருகிய வாடை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் சூட்டில் இருக்கும் டிஸ்க் விரிசல் விடலாம்.

பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் சாமான். டாட் 4 என்ற தரத்தில் வரும் புதிய ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த பிறகு அந்த அளவு 155 டிகிரி வரைகூட இறங்கிவிடும். வருடத்தில் பத்து மாதம் நிற்கிற வண்டிக்கு "கிலோமீட்டரே ஓடவில்லையே" என்று ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுகிறோம். நின்றாலும் ஈரம் சேரும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். பிரேக் லைனில் காற்றெடுத்துப் பழக்கமில்லை என்றால் இந்த ஒரு வேலையை மெக்கானிக்கிடம் விடுவதே சரி. சொந்தமாகச் செய்து கற்றுக்கொள்ள வண்டியில் வேறு நூறு வேலை இருக்கிறது.

டயரில் பட்டன் (தரையில் படும் வரிப்பள்ளம்) தேயாமல் இருப்பதைப் பார்த்துத் திருப்திப்படுவதும் இதே வகைத் தவறுதான். மோட்டார்ஹோம் டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. ஆறேழு வருடம் ஆன டயரை நம்பி மலை ஏறாதீர்கள்.

அடுத்து கேஸ். குளிர்காலத்தில் மேலே போய் அடுப்பு எரியாமல் தவிப்பவர்களின் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தால் கனமாகவே இருக்கும். கேஸ் தீரவில்லை, ஆவியாகவில்லை. சிலிண்டரில் வருவது பியூட்டேன், புரோப்பேன் என்ற இரண்டு வாயுக்கள். பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே திரவமாகவே கிடக்கும். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். இரண்டும் கலந்த சிலிண்டரில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. புரோப்பேன் வேகமாக ஆவியாகிப் போய்விடும், அடியில் மிஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன். அதனால் முதல் நாள் நன்றாக எரிந்த அடுப்பு மூன்றாம் நாள் அணையும். குளிரில் தங்கப்போகிறவர்கள் புரோப்பேன் நிரப்பிக்கொண்டு ஏறுவதுதான் ஒரே வழி. சிலிண்டரைத் தீயில் காட்டிச் சூடாக்குகிற சாகசம் வேண்டவே வேண்டாம்.

குளிருக்காக அடுப்பை எரியவிட்டு, ஜன்னலை எல்லாம் மூடிக்கொண்டு தூங்குவது உயிருக்கே உலை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. அதற்கான அலாரத்தைப் படுக்கைப் பக்கமாக வையுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். ஆகவே கேஸ் கசிவு அலாரத்தின் இடம் தரையை ஒட்டி. இரண்டையும் ஒரே உயரத்தில் மாட்டிவைத்திருப்பவர்கள் உண்டு. அலாரங்களுக்கும் காலாவதித் தேதி இருக்கிறது, திருப்பிப் பார்த்தால் தெரியும். இணைப்புகளில் கசிவு பார்க்க சோப்பு நுரை போதும்.

கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் உங்களுடையது என்றால், அதற்குள் அமோனியா தன் எடையாலேயே இறங்கி ஓடுகிறது, அதைத் தள்ள எந்த மோட்டாரும் இல்லை. சாய்வான இடத்தில் வண்டியை நிறுத்தி ராத்திரி முழுக்க ஓடவிட்டால் அமோனியா ஓரிடத்தில் தேங்கி, சூடாகும் பகுதி மட்டும் மேலும் மேலும் சூடேறும். இது தொடர்ந்தால் குழாய் உள்ளே நிரந்தரமாக அடைத்துக்கொள்ளும். சக்கரத்தின் அடியில் கட்டை கொடுத்து, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை உள்ளே தரையில் வைத்துப் பார்த்துச் சமப்படுத்துங்கள். உயரம் கூடக் கூட அதன் தீயும் தடுமாறும். வீட்டில் இருப்பது மாதிரி மின்சாரத்தில் ஓடும் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ ஒன்பது சதவீதம் விரியும். டேங்கில் இருப்பது பெரும்பாலும் தப்பிக்கும், ஏனென்றால் அளவு அதிகம். மாட்டிக்கொள்வது பம்ப், ஃபில்டர் கிண்ணம், குழாய் முழங்கைகள். இதில் வெறுப்பேற்றுவது என்னவென்றால், வெடிப்பு அன்றைக்குத் தெரியாது. பனி உருகிக் கீழே வந்து பம்பை ஓடவிடும்போதுதான் அலமாரிக்குள் மழை பெய்யும். உறைபனி வருமென்றால் படுக்கும் முன் லைனைக் காலிசெய்துவிட்டுக் குழாய்களைத் திறந்தே வையுங்கள். சீசன் முடிந்து வண்டியை நிறுத்தும்போது உறைதடுப்பு திரவம் ஓட்டுவதாக இருந்தால் குடிநீர்க் குழாய்க்கென்று விற்கும் புரோப்பிலீன் கிளைக்கால் மட்டுமே. ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் விஷம். பெயர் பாதி ஒன்றாக இருப்பதால் குழம்புகிறார்கள்.

பேட்டரியும் குளிருக்குப் பயப்படும். லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். நல்ல பேட்டரியில் இதைத் தடுக்கும் சர்க்யூட் இருக்கும், வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். காலை வெயில் சோலார் பலகையில் பளீரென்று விழுந்தும் சார்ஜ் ஏறவில்லை என்றால் பழுது என்று கழற்ற ஆரம்பிக்காதீர்கள், பேட்டரி தன்னைக் காத்துக்கொண்டிருக்கலாம். அப்புறம் ஃபியூஸ். 10 ஆம்பியர் ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது என்று 20 ஆம்பியர் போடுவது, ஃபியூஸுக்குப் பதிலாக வயரை எரியச் சொல்வதுதான்.

கூரைக்கு வருகிறேன். என் முதல் வண்டியில் மேல் ஜன்னல் ஓரம் ஒழுகியபோது, கையில் கிடைத்த சாதாரண சிலிக்கானை அள்ளிப் பூசினேன். ஒரு மழைக்குத் தாங்கியது. ரப்பர் கூரையில் சிலிக்கான் சரியாக ஒட்டாது. அதைவிடக் கொடுமை, சிலிக்கான் பட்ட இடத்தில் வேறெதுவும் ஒட்டாது. பிறகு அதைச் சுரண்டி எடுக்க இரண்டு நாள் ஆனது. ஜன்னல், ஏணி, ஆன்டெனா எதுவானாலும் அடியில் பியூட்டைல் டேப் (பிசின் மாதிரி ஒட்டும் ரப்பர் நாடா), மேலே கூரையின் பொருளுக்கு ஏற்ற சீலன்ட் (இடைவெளி அடைக்கும் பசை), இந்த வரிசைதான். வருடத்துக்கு இரண்டு முறை மேலே ஏறி ஓரங்களைப் பாருங்கள். உள்ளே கறை தெரியும்போது மரச்சட்டம் ஊறிப்போயிருக்கும். உள்சுவரில் எல்லா ஈரமும் ஒழுகல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். குளிர் ராத்திரியில் நம் மூச்சே சுவரில் வியர்க்கும். மேல் ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்தால் குறையும்.

கழிவு டேங்க் பற்றி ஒரே வரி: வால்வைத் திறந்தே போட்டுவைக்காதீர்கள், தண்ணீர் ஓடிவிட்டு மற்றது மட்டும் உள்ளே மலையாகிவிடும்.

கடைசியாக, நிறுத்தும் இடம். பள்ளத்தாக்கின் அடியில் குளிர்ந்த காற்று வந்து தேங்கும், கொஞ்சம் மேட்டில் நிறுத்தினாலே ராத்திரி வித்தியாசம் தெரியும். ஆனிங்கை (வண்டியின் பக்கவாட்டில் விரிக்கும் நிழல் துணியை) விரித்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், இருட்டிய பிறகு சரிவிலிருந்து இறங்கும் காற்று கம்பியை வளைத்துவிடும். உருண்டைக் கூழாங்கற்கள் பரவிய அழகான சமதளத்தைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள். தண்ணீர் வந்து போகிற இடத்தில்தான் கல் உருண்டையாகும், மழை உங்கள் தலைக்கு மேல் பெய்ய வேண்டும் என்றில்லை, மலையில் வேறெங்கோ பெய்தாலும் வெள்ளம் அங்கே வந்துவிடும். எங்கே நிறுத்தினாலும் வண்டியின் மூக்கு வெளியேறும் பக்கம் இருக்கட்டும். நள்ளிரவில், மழையில், டார்ச் வெளிச்சத்தில் ஏழு மீட்டர் வண்டியை ரிவர்ஸ் எடுத்துப் பார்த்தவர்கள் இதை மறக்க மாட்டார்கள்.