பழைய காசில் நிறம் மாறியிருக்கிறதா? தேய்ப்பதற்கு முன் காரணத்தைப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் பழைய காசுகள் பெரும்பாலும் சாமி மேடையிலிருந்தோ மைலோ டின்னிலிருந்தோதான் கைக்கு வரும். பச்சையோ கறுப்போ படிந்திருந்தால் உடனே புளி போட்டுத் தேய்க்காதீர்கள். புளியின் அமிலம் கறையோடு காசின் மேற்பரப்பையும் அரித்துவிடும். காரணத்தைக் காட்டும் தடயமும் அதோடு போய்விடும்.

1. காசு எதைத் தொட்டுக்கொண்டிருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்: குங்குமமா, மெத்தென்ற பிளாஸ்டிக் உறையா, ரப்பர் பேண்டா? ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்ப்பார்கள். அது வெள்ளியைக் கறுக்க வைக்கும். காசின் குறுக்கே ஒரே நேர்க்கோட்டில் கறுப்பு ஓடினால் முதலில் ரப்பர் பேண்டைச் சந்தேகியுங்கள்.

2. உலோகம் எது? 1939 மலாயா இருபது சென்டில் நான்கில் மூன்று பங்கு வெள்ளி. 1943, 1945 காசுகளில் பாதிதான் வெள்ளி; செம்பு அதிகம் என்பதால் அவற்றில் பச்சையும் பூக்கும். 1948இல் வெள்ளியே இல்லை, செம்பும் நிக்கலும்தான். மலேசிய ஒரு சென் என்றால் காந்தம் வையுங்கள். 1967 வெண்கலம் ஒட்டாது. பிற்காலத்துச் செம்பு பூசிய இரும்புக் காசு ஒட்டும். அதன் விளிம்பில் தெரியும் செம்பழுப்பு, உள்ளிருந்து வரும் துரு.

3. பத்து மடங்கு லென்ஸில், விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். வெள்ளியில் மஞ்சள், ஊதா, நீலம் என்று படிப்படியாக மாறினால் அது கந்தகத்தால் வந்த இயல்பான மெல்லிய படலம். அதை எடுக்க வேண்டாம்.

4. பச்சைதான் கவனமாகப் பிரித்தறிய வேண்டியது. மூங்கில் பல்குச்சியால் லேசாகத் தொடுங்கள். பிசுபிசுத்தால் பிவிசி என்னும் அந்த மெத்தென்ற பிளாஸ்டிக் உறையின் வேலை. காசைக் கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோனில் (எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பான்) பத்து நிமிடம் ஊறவைத்து, புது அசிட்டோனில் அலசி, தேய்க்காமல் காயவிடுங்கள். நகப்பூச்சு நீக்கி கூடாது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். குத்துவிளக்கு எரியும் அறையில் செய்யவே கூடாது. அசிட்டோனிலும் போகாத நிறம் பெரும்பாலும் உலோகத்திலேயே ஏற்பட்ட மாற்றம்.

வெளிர்பச்சைப் பொடியாக உதிர்ந்தால் உப்பு உள்ளே இறங்கியிருக்கலாம். மூடிய டப்பாவில் ஈரப் பஞ்சின் அருகே, படாமல், ஒரு நாள் வையுங்கள். புதிதாகப் பொடி பூத்தால் அரிப்பு இன்னும் நடக்கிறது. அந்தக் காசைத் தனியாகப் பிரித்து, காய்ச்சி வடித்த நீரில் ஊறவையுங்கள். தினமும் நீரை மாற்றுங்கள். பல வாரம்கூட ஆகலாம். பிறகு நன்றாக உலர்த்தி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் மூடிவையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஜெல் சீக்கிரம் நிறைந்துவிடும், மாதம் ஒருமுறை பார்த்து மாற்றுங்கள்.