வேடர் கிராமத்துக்குக் கிளினிக் கேட்டு வாங்குவது எப்படி?

திருகோணமலை மாவட்டத்தின் மூதூர் கிழக்கிலும் வெருகலிலும் வாழும், இலங்கைப் பழங்குடியினரான கரையோர வேடர்கள் தமிழ்தான் பேசுகிறார்கள். பிறப்புச் சான்றிதழில் பலர் இலங்கைத் தமிழர் என்றே பதிவாகியிருக்கிறார்கள். ஆகவே ‘வேடர்களின் சுகாதார நிலை என்ன?’ என்று கேட்டால், ‘அப்படித் தரவு இல்லை’ என்று பதில் வரும். தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் கிளினிக் கேட்பதானால், எதைக் கேட்டாலும் கிராம சேவகர் பிரிவின் (நிர்வாகத்தின் மிகச் சிறிய அலகு) பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

வீடு வீடாக விபரம் திரட்ட, முதலில் ஊர்ப் பெரியவர்களின் சம்மதம். அது இல்லாமல் ஒரு வீட்டுக்கும் போகக்கூடாது. பகலில் காட்டுக்கும் கடலுக்கும் கூலிக்கும் போய்விடுவார்கள்; மாலையில் போங்கள். தாய்மாரிடம் பெண்களே பேசட்டும், இல்லாவிட்டால் வீட்டு ஆண்தான் பதில் சொல்வார். கிளினிக் எத்தனை கிலோமீற்றர், ஓட்டோக் கூலி எவ்வளவு, கடைசியாகப் போனது எப்போது: இந்த மூன்றும் போதும். பெயர் எழுத வேண்டாம், படமும் வேண்டாம்.

பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டைக் கட்டாயம் பாருங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையானால், நிறை வரைபில் மாதாமாதம் புள்ளி விழுந்திருக்க வேண்டும். இடையில் வெறுமையாகக் கிடக்கும் மாதங்களை எண்ணிக் குறியுங்கள். எந்த அதிகாரியும் மறுக்க முடியாத சாட்சி அதுதான்.

அடுத்தது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ‘ஏன் கிளினிக் நடத்தவில்லை?’ என்று கேட்பதுதான் வழக்கமான பிழை. விளக்கம் அல்ல, பதிவில் இருப்பதுதான் கிடைக்கும். ‘கடந்த 12 மாதங்களில் இந்தப் பிரிவில் கிளினிக் நடந்த திகதிகள், குடும்பநல மாது (ஊருக்கு வரும் அரச மருத்துவச்சி) பதவி வெற்றிடமா’ என்று கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு தர வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு (மேன்முறையீட்டைக் கேட்பவர்) மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பதிவுத் தபால் துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.

கைக்கு வந்ததை ஒரே பக்கக் கடிதமாக்கி, பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு அனுப்புங்கள். பிரதி பிரதேச செயலாளருக்கு. ‘சுகாதார வசதி வேண்டும்’ என்று எழுதினால் கோப்புக்குள் போய்விடும். மாதத்தில் ஒரு நாள், எந்தக் கட்டடத்தில், எத்தனை தாய்மாருக்கு என்று எழுத வேண்டும். இலங்கையும் ஆதரித்து வாக்களித்த, பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றிய 2007 ஐ.நா. பிரகடனத்தின் 24ஆம் உறுப்புரையை ஒரு வரியில் சேர்க்கலாம். ஆனால் கோரிக்கையைத் தாங்கி நிற்பது நீங்கள் எடுத்த கணக்குத்தான். கையொப்பம் ஊராருடையதாக இருக்கட்டும். வெளியார் பெயர் முன்னால் நின்றால், அவர்கள் போனதும் கோரிக்கையும் போய்விடும்.

கிளினிக் தொடங்கினாலும் திகதிகளைக் குறித்துக்கொண்டே வாருங்கள். மாரியில் பாதை வெள்ளத்தில் மூழ்கினால் வாகனம் வராது. தவறிய நாளுக்கு மாற்று நாள் தர வேண்டும் என்பதைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.