சேச்சியோடு மனஸ்தாபமா? ‘பிணக்கமாணோ’ என்று கேளுங்கள்

கேரளத்தின் பாலக்காடு எல்லையில், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு: மலையாளம் பேசும் பக்கத்து வீட்டாரோடு வாய்த்தகராறு ஆகி, ரெண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால், ‘மாப்பு’ (மன்னிப்பு) என்று ஆரம்பிக்காதீர்கள், வேலியோரம் நின்று “சேச்சி, பிணக்கமாணோ?” என்று கேட்டுவிடுங்கள்.

பிணக்கம் நம்ம பிணக்குதான். யார் மேல் தப்பு என்ற பேச்சே அந்தச் சொல்லில் கிடையாது, ஆனால் ‘மாப்பு’ கனமான சொல், குற்றம் செய்தவன் கேட்கிற மாதிரி விழும். “ஏய், சாரமில்ல” என்று பதில் வந்தால் ‘பரவாயில்லை’ என்று அர்த்தம், அப்படியே வேறு பேச்சுக்குப் போய்விடலாம். “சங்கடமாயி” என்று வந்தால் மட்டும் கவனம். நமக்குச் சங்கடம் என்றால் கூச்சம், இக்கட்டு. அவர்களுக்கு அது துக்கம். மனசு நொந்திருக்கிறது, நின்று முழுசாகக் கேளுங்கள்.

கடன் பாக்கி, வரப்புத் தகராறு, வீட்டுப் பெரியவர்களை எடுத்தெறிந்து பேசியது, இதற்கெல்லாம் இது போதாது. அங்கே “க்ஷமிக்கணம்” (மன்னிக்கணும்) என்று தப்பை வாய்விட்டுச் சொல்லி, கொடுக்க வேண்டியது இருந்தால் அதையும் கையோடு கொடுத்துவிடுங்கள்.