மதுவிலக்கு சட்டத்தை மாத்தணும்னு பேசப் போறீங்களா? இதைப் படிச்சுட்டு போங்க

டாஸ்மாக் பத்தி எங்க பேச்சு எடுத்தாலும் பத்து நிமிஷத்துல ஒரு பக்கம் "குடி குடியைக் கெடுக்கும்", இன்னொரு பக்கம் "மூடிட்டா அரசாங்கத்துக்கு காசு எங்கேர்ந்து வரும்"னு ரெண்டா பிரிஞ்சு, கடைசில யாரு வீட்ல யாரு குடிக்கிறாங்கன்னு சண்டையில போய் முடிஞ்சிரும். எந்த சட்டத்துல எந்த விதிய மாத்தணும், அதை மாத்த யாருக்கு அதிகாரம் இருக்குன்னு மட்டும் ஒருத்தரும் கேக்கறதில்ல. கிராம சபையில பேசுறவங்க, காலேஜ்ல விவாதம் பண்றவங்க, கட்சி கூட்டத்துல மைக் பிடிக்கிறவங்க, குடும்ப வாட்ஸப் குரூப்ல மல்லுக்கட்டுறவங்க எல்லாருக்கும் சேத்துதான் இதை எழுதறேன், ஏன்னா இந்த விஷயத்துல மாத்தம் வரணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

முதல்ல சட்டம் எப்படி நிக்குதுன்னு தெரிஞ்சுக்கோங்க. 1937ல ராஜாஜி ஆட்சியில வந்த மதுவிலக்கு சட்டம்தான் இன்னிக்கும் அடிப்படை. அந்த வருஷம் அக்டோபர் 1ம் தேதி சேலம் ஜில்லாவுல ஆரம்பிச்சாங்க, 1948ல முதல்வர் ஓமந்தூரார் காலத்துல மாகாணம் முழுக்க வந்துச்சு. அப்புறம் 1971ல கலைஞர் ஆட்சியில தளர்த்தினாங்க, 1974க்குள்ள திரும்ப மூடினாங்க, 1981ல எம்ஜிஆர் ஆட்சியில திறந்தாங்க, 1983ல மொத்த வியாபாரத்துக்குன்னு டாஸ்மாக் வந்துச்சு, 1987 ஜனவரியிலேர்ந்து கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை, 2003 நவம்பர்லேர்ந்து சில்லறை கடையும் டாஸ்மாக் கைக்கே போச்சு. இவ்வளவுக்கும் அடியில இருக்கிறது அதே 1937 சட்டம்தான், தடைதான் அடிப்படை, அரசாங்கம் குடுக்கிற அனுமதி எல்லாம் அதுமேல ஒட்டு போட்டது. எண்பது வருஷத்துக்கு மேல ஒட்டு போட்ட சட்டம், அதனாலதான் படிச்சா தலை சுத்துது.

இதுல மூணு அடுக்கு இருக்கு, அதை பிரிச்சு பாத்துட்டா பாதி விவாதம் தெளிஞ்சிரும். சட்டத்துலயே இருக்கிறத மாத்தணும்னா சட்டசபையில மசோதா வரணும், உதாரணத்துக்கு சில்லறை விற்பனை டாஸ்மாக்குக்கு மட்டும்தான்ங்கிற உரிமை, இல்ல 2024ல கள்ளக்குறிச்சி விஷச்சாராய சாவுகளுக்கு அப்புறம் கள்ளச்சாராய குத்தத்துக்கு ஆயுள் தண்டனை வரைக்கும் ஏத்தினது. விதிகள்ல இருக்கிறத மாத்த அரசாணை போதும், கடை நேரம், கோயில் ஸ்கூல்லேர்ந்து எவ்வளவு தூரம்ங்கிறது எல்லாம் மது சில்லறை விற்பனைக்கான 2003 விதிகள்ல வர்றது. மூணாவது, ஒரு குறிப்பிட்ட கடை ஒரு குறிப்பிட்ட எடத்துல இருக்கணுமா வேணாமாங்கிறது கலெக்டர், டாஸ்மாக் நிர்வாகம் மட்டத்துல எடுக்கிற முடிவு. உங்க தெரு முனை கடைக்காக எம்எல்ஏகிட்ட போய் "சட்டத்தை மாத்துங்க"ன்னு கேட்டா அவரு தலையாட்டிட்டு போயிருவாரு, அதே சட்ட மாத்தத்துக்கு கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்தா அது ஃபைல்லயே தூங்கும். அதனால வாய தொறக்கிறதுக்கு முன்னாடி உங்க கோரிக்கைய ஒரே வரியில எழுதிப் பாருங்க, இது எந்த அடுக்குன்னு பக்கத்துல குறிச்சுக்கோங்க.

அடுத்து, எதிர்த் தரப்புல வர்ற வாதங்களுக்கு தயாராகுங்க. கண்டிப்பா முதல்ல வர்றது வருமானம். 2024-25ல டாஸ்மாக் மூலமா ஆயத்தீர்வையும் மதிப்புக்கூட்டு வரியும் சேத்து அரசுக்கு வந்தது 48,344 கோடி ரூபா. இதை சின்ன தொகைன்னு சொல்லி ஒதுக்காதீங்க, ஒதுக்கினா உங்க பேச்சை யாரும் கேக்க மாட்டாங்க. மது ஜிஎஸ்டிக்குள்ள வராது, அதனால மாநிலம் தானா ரேட் வெச்சு வசூல் பண்ற வரிகள்ல இது ரொம்ப முக்கியமானதுன்னு ஒத்துக்கிட்டே பேச ஆரம்பிங்க. ஆனா வரலாறு தெரிஞ்சிருந்தா ஒரு நல்ல பதில் கைல இருக்கு: மதுவிலக்கால போற வருமானத்தை ஈடு கட்ட ராஜாஜி அரசு 1939ல பொது விற்பனை வரி கொண்டு வந்துச்சு. மது வருமானத்துக்கு பதிலா வந்த வரி அப்படியே நெலச்சுடுச்சு, வளர்ந்துச்சு, மது வருமானமும் திரும்பி வந்துடுச்சு. அதனால "ஒரேயடியா விட முடியாதுன்னா எத்தனை வருஷத்துல எவ்வளவு குறைப்பீங்க"ன்னு திருப்பி கேளுங்க. பூரண மதுவிலக்கு கேக்கிறவங்க இதுக்கு கணக்கோட வரணும், சும்மா "மணல்ல வரும், கிரானைட்ல வரும்"னு சொன்னா எடுபடாது.

ரெண்டாவது வாதம், கடைய மூடினா கள்ளச்சாராயம் பெருகும்ங்கிறது. இது பாதி உண்மை. பீகார்ல 2016லேர்ந்து மதுவிலக்கு, அங்க 2022 டிசம்பர்ல சாரண் மாவட்டத்துல விஷச்சாராயத்துல நெறைய பேரு செத்தாங்க. ஆனா 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில மெத்தனால்ங்கிற விஷ ரசாயனம் கலந்த சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தப்ப டாஸ்மாக் கடை எல்லாம் திறந்துதான் இருந்துச்சு, அதுக்கு முந்தின வருஷம் மரக்காணத்துலயும் அப்படித்தான். கூலி வேலைக்கு போறவங்களுக்கு குவாட்டர் விலை கட்டுபடியாகாம பாக்கெட் சாராயத்துக்கு போறாங்க, அப்ப கடை தொறந்திருக்கிறது மட்டுமே பாதுகாப்பு இல்லன்னு ரெண்டு பக்கமும் ஒத்துக்கணும். செத்தவங்க குடும்பத்தை வெச்சு கட்சி சண்டை மட்டும் போடாதீங்க, கேக்கவே மனசு வலிக்குது.

"அப்ப பிரைவேட்டுக்கு விட்ருங்க"ன்னு ஒருத்தர் சொல்வாரு. 2003க்கு முன்னாடி இங்க ஏலம் எடுத்த தனியார் கடைங்கதான் இருந்துச்சு, அதை ஞாபகப்படுத்துங்க. டெல்லி 2021 நவம்பர்ல தனியாருக்கு விட்டுட்டு 2022 செப்டம்பர்ல திரும்ப அரசு கடைக்கே வந்துச்சு, ஆந்திரா 2019ல அரசு கடையாக்கிட்டு 2024 அக்டோபர்ல தனியாருக்கு குடுத்துச்சு. கடைய யார் நடத்துறாங்கங்கிறத மாத்தினதால மட்டும் பிரச்சனை தீந்துடலன்னு இதுலயே தெரியுது. டாஸ்மாக்ல 2003லேர்ந்து தொகுப்பூதியத்துல வேலை பாக்கிற 23,000 பேருக்கு மேல இருக்காங்க, எந்த மாத்தம் பேசினாலும் அவங்களுக்கு என்ன வழின்னு சேத்து பேசலன்னா அது நியாயமான பேச்சே இல்ல.

கள்ளு விஷயம் தனி. இதை டாஸ்மாக் சண்டையோட கலக்காம தனியா எடுங்க. பனை நம்ம மாநில மரம், ஏறுற ஆளுங்க வருஷா வருஷம் குறையறாங்க, கேரளாவுல லைசென்ஸ் போட்டு கள்ளுக்கடை நடக்குது, இது ஒரு பக்கம். கள்ளுல மாத்திரை, குளோரல் ஹைட்ரேட்ங்கிற மயக்க மருந்து கலப்பாங்கங்கிறது இன்னொரு பக்கம், அது வெறும் சாக்கு இல்ல, நெஜமான பயம். அப்படின்னா "கள்ளு வேணும்"னு மட்டும் நிக்காம, எந்த மரத்துலேர்ந்து எந்த கடைக்கு வந்துச்சுன்னு எப்படி பதிவு பண்ணுவீங்க, யார் சாம்பிள் எடுத்து டெஸ்ட் பண்ணுவாங்கன்னு சொல்லத் தெரியணும். என் கருத்து, ரெண்டு மூணு பனை மாவட்டத்துல மட்டும் கூட்டுறவு சங்கம் மூலமா முயற்சி பண்ணி பாக்கலாம்.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமா படற விஷயத்துக்கு வரேன். ஒரு கடை எங்க வரணும்ங்கிறதுல அந்த ஊர் ஆளுங்களுக்கு சட்டப்படி ஓட்டு கிடையாது. தூர விதி இருக்கு, மாநகராட்சி நகராட்சியில 50 மீட்டர், மத்த எடத்துல 100 மீட்டர், அதுவும் வணிகப் பகுதின்னு அறிவிச்ச எடத்துக்கு செல்லாது. 2015 ஜூலை 31ம் தேதி காந்தியவாதி சசிபெருமாள் மார்த்தாண்டம் பக்கத்துல ஒரே ஒரு கடைய எடம் மாத்தச் சொல்லி செல்போன் டவர்ல ஏறி போராடினப்ப உயிர விட்டாரு. ஒரு மனுஷன் டவர்ல ஏற வேண்டிய நெலமைய உண்டாக்குற சட்டம் பழசாயிடுச்சுன்னுதான் அர்த்தம். மகாராஷ்டிராவுல வேற வழி இருக்கு, ஊர் பொம்பளைங்க கையெழுத்து போட்டு மனு குடுத்தா ஓட்டெடுப்பு நடத்துவாங்க, சீட்டுல நிக்கிற பாட்டில் படமும் படுத்த பாட்டில் படமும் இருக்கும், பட்டியல்ல இருக்கிற ஓட்டுல பாதிக்கு மேல படுத்த பாட்டிலுக்கு விழுந்தா கடைய மூடணும். இதை இங்க கொண்டு வாங்கன்னு கேக்கிறதுக்கு பூரண மதுவிலக்கு ஆளும் சேரலாம், குடிக்கிறவரும் சேரலாம், அதனாலதான் விவாதத்துல இதை முன்னாடி வைங்கன்னு சொல்றேன்.

கிராம சபைக்கு போறதா இருந்தா வெறுங்கையோட போகாதீங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 இந்த ஆறு நாள் கூடும். ஒரு மாசத்துக்கு மேல முன்னாடியே 10 ரூபா கட்டி ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடுங்க, பதில் வர 30 நாள் ஆகும். கடை நம்பர், எப்ப அனுமதி குடுத்தாங்க, ஸ்கூல்லேர்ந்து தூரத்தை எந்த வழியா அளந்தாங்க, அளந்த ரிப்போர்ட் நகல், பக்கத்துல பார் இருந்தா அதோட லைசென்ஸ் நகல், இவ்வளவும் கேளுங்க. தீர்மானத்துல "கடையை அகற்ற வேண்டும்"னு மொட்டையா எழுத விடாதீங்க, கடை நம்பர், தூரம், எந்த விதி மீறல், எந்த தேதிக்குள்ள பதில் வேணும்னு எழுத வைங்க, தீர்மானப் புத்தகத்துல எழுதினத சத்தமா படிக்கச் சொல்லிட்டு அப்புறம் கையெழுத்து போடுங்க, காலி பக்கத்துல போடவே கூடாது.

பேசுறப்ப ஆளப் பாத்து பேசணும். குடிக்கிற மாமாவ எல்லார் முன்னாடியும் உதாரணம் காட்டினா அந்த வீட்டு ஓட்டு மொத்தமா போயிரும், அவரே பார் சுத்தமில்ல, எம்ஆர்பிக்கு மேல பத்து ரூபா வாங்குறாங்கன்னு பொலம்பறவரா இருப்பாரு, அதை மைக்ல சொல்லச் சொல்லுங்க. புருஷன பறிகொடுத்த அக்காங்கள அழ வெச்சு கைதட்டல் வாங்காதீங்க, அவங்களுக்கு பேசணும்னு தோணுச்சுன்னா முதல்ல அவங்களையே பேச விடுங்க. தீர்மானம் நிறைவேறின அன்னிக்கே நகல் வாங்கி கலெக்டருக்கும், கலால் உதவி ஆணையருக்கும், டாஸ்மாக் மாவட்ட மேலாளருக்கும் பதிவு தபால்ல அனுப்புங்க, ரசீதை பத்திரமா வைங்க, நாளைக்கு ஹைகோர்ட் மதுரை கிளைக்கோ சென்னைக்கோ போக வேண்டி வந்தா வக்கீல் முதல்ல கேக்கறது அந்த ரசீதைத்தான்.