தையில் கிணற்றை ருசி பார்த்து ஆவணியில் கொங்கிறீட் பிளேட் போடாதீர்கள்

மட்டக்களப்பில் கல்லடி, நாவற்குடா பக்கம் புதிதாகக் கட்டட வேலை எடுக்கிற தம்பிமார் அந்தக் காலத்துப் பிழைகளையே திரும்பச் செய்கிறார்கள். கடல் தண்ணீரில் சீமெந்து குழைக்கக் கூடாது என்பது அவர்களுக்கே தெரியும். அதை விடுவோம்.

கிணற்றை ஒரு தடவை பார்த்துவிட்டு நம்புவது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். மாரி முடிந்த கையோடு ஒரு வாளி அள்ளி நாக்கில் வைத்து, "நல்ல தண்ணி அண்ணே" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வேலை சூடு பிடிப்பதோ வெயில் காலத்தில். கடலுக்கும் களப்புக்கும் நடுவிலுள்ள மணல் தரையில் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்துகொண்டுதான் நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே ஓரடி இறங்கினால் கீழிருந்து உப்பு அந்த 40 அடியளவுக்கு ஏறப் பார்க்கும். அந்த நேரத்தில் பம்பைப் போட்டு நாள் முழுக்க உறிஞ்சினால் வேறென்ன வரும்? 2004 சுனாமிக்குப் பிறகும் கிணறுகளை இறைத்து இறைத்துப் பார்த்தார்கள். உவரைக் கழுவியது கடைசியில் மழைதான்.

ஒரு வீட்டுக்காரர் குழைப்புக்கு பவுசரில், அதாவது தாங்கி லொறியில், நல்ல தண்ணீர் இறக்கினார். சந்தோஷம். மறுநாள் போனால், பிளேட்டின் மேல் வரம்பு கட்டிக் கிணற்றுத் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கிறார்கள். "சும்மா நனைக்கத்தானே பாஸ்" என்கிறான் பொடியன். தண்ணீர் காய்ந்து போகும், உப்பு எங்கே போகும்? சீமெந்தின் காரம் கம்பிக்கு மெல்லிய கவசம் போட்டிருக்கும்; உப்பிலுள்ள குளோரைட்டு அதைத் துளைத்துவிடும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் உள்ளிருந்தே கொங்கிறீட் வெடிக்கும். கம்பி ஓடுகிற வழியே நேர்கோடாக வெடிப்பும் பழுப்புக் கறையும் தெரியும். அதற்குமேல் பூச்சு பூசுவது வீண் செலவு.

ஐரோப்பிய தரநிலைப்படி, கம்பி போட்ட கொங்கிறீட்டுக்கு எடுக்கிற தண்ணீரில் லீட்டருக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் குளோரைட்டு கூடாது. கடலில் அது 19,000 அளவில். உவருக்குப் பழகின நாக்கு இதையெல்லாம் சொல்லாது. குழைக்கப் போகிற நாட்களை ஒட்டி, பம்பு ஒரு மணித்தியாலம் ஓடின பிறகு போத்தலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கூடுதலாக இருந்தால் பவுசர்தான், நனைப்பதற்கும் சேர்த்து.

கடற்கரை மணல்

கழுவாமல் போட்டால் நல்ல தண்ணீரும் வீண்.

மிளகாய்க் கன்று

உவர்ப் பிழை கட்டடத்தோடு நிற்பதில்லை. உவர் தண்ணீரை மத்தியான வெயிலில் இலையில் தெளித்தால் நுனி கருகும். அடியில் ஊற்றுங்கள்.

கருவாட்டு மீன்

களப்போரத்தில் கழுவிவிட்டு, மிச்சத்தை உப்பு பார்த்துக்கொள்ளும் என்பார்கள். பார்க்காது. கழுவுவதற்கும் குடிக்கிற தண்ணீரையே எடுங்கள். ஐசும் தண்ணீர்தான்; அதற்கும் இதே கணக்கு.