நல்லிணக்கம்: அரச அலுவலகங்கள் சறுக்கும் இடங்கள்

நல்லிணக்கம் என்ற சொல்லைக் கேட்டாலே ஈழத்தமிழர் பலருக்கு முகம் சுருங்கும். இலங்கையில் 2010இல் அந்தப் பெயரில் ஓர் ஆணைக்குழு வந்து போனதை நாம் பார்த்தோம். கனடாவின் ஆணைக்குழு, தன் பெயரில் ‘உண்மை’யை நல்லிணக்கத்துக்கு முன்னால் வைத்தது. சுமார் 150,000 பூர்வகுடிப் பிள்ளைகள் குடும்பத்தைப் பிரித்து அனுப்பப்பட்ட வதிவிடப் பாடசாலைகளில் நடந்ததை விசாரித்து, 2015இல் 94 செயல் அழைப்புகளை வெளியிட்டது. அதில் 57ஆவது, அரச ஊழியர்கள் இந்த வரலாற்றையும் ஒப்பந்தங்களையும் கற்கவேண்டும் என்கிறது. அதைப் படிக்காமலேயே நல்லிணக்கத் திட்டம் போட உட்காருவதில்தான் பல கோளாறுகள் தொடங்குகின்றன.

இது எந்தப் பூர்வகுடி மக்களின் நிலம் என்று ரொறன்ரோவில் கூட்டங்களின் தொடக்கத்தில் வாசிக்கப்படும் நில அங்கீகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டு மந்திரம் மாதிரி ஓடிவிடும். அதில் வரும் ‘13ஆம் ஒப்பந்தம்’ என்ன என்று கேட்டால் வாசித்தவரே முழிப்பார். 1787இல் மிசிசாகா மக்களிடம் ரொறன்ரோ நிலத்தை வாங்கியதாகக் காட்டப்பட்ட பத்திரத்தில் நிலத்தின் விவரமே எழுதப்பட்டிருக்கவில்லை. வெற்றுத்தாள்! 1805இல் 10 ஷில்லிங் கொடுத்து அதைச் சரிக்கட்டினார்கள்; அதுதான் 13ஆம் ஒப்பந்தம். 2010இல் கனடிய அரசு 145 மில்லியன் டொலர் கொடுத்துத்தான் அந்த வழக்கு தீர்ந்தது. காணி உறுதியின் அருமை நம்மவர்களுக்குச் சொல்லவா வேண்டும்? இந்தக் கதையில் இரண்டு வரி சேர்த்துச் சொன்னால் சபை நிமிர்ந்து உட்காரும். அப்புறம், அனிஷினாபே, ஹோடினோஷோனி என்ற அந்த மக்களின் பெயர்களை முன்கூட்டியே சொல்லிப் பழகுங்கள். நம் நீளப் பெயர்களை யாராவது கடித்துத் துப்பினால் நமக்கு எரிகிறது அல்லவா?

கனடாவின் பூர்வகுடிகளான முதற்குடிகள், இனுவிட், மேத்தி ஆகிய மூவரையும் ஒரே கூட்டமாக நினைப்பது இன்னொரு தவறு. முதற்குடிகளில் மட்டும் 600க்கும் மேற்பட்ட சமூகங்கள் உண்டு. ஒன்ராறியோவில் பல சமூகங்களின் மூத்தவரிடம் ஒன்றைக் கேட்கப் போகும்போது புகையிலை கொடுப்பது மரியாதை. இனுவிட் மூத்தவரிடம் அதை நீட்டினால் அவருக்கு அது பொருளற்றது. அந்தந்தச் சமூகத்திடமே விசாரித்துவிட்டுப் போங்கள்.

மூத்தவரை அழைத்தால் பணம் கொடுக்கவேண்டும், அதுவும் அன்றைக்கே. நான் வேலை செய்த ஓர் இடத்தில் ஒரு பாட்டியைப் பேச அழைத்துவிட்டு, பணம் பெற விற்பனையாளர் படிவம் நிரப்பச் சொல்லி இரண்டு மாதம் இழுத்தடித்தார்கள். ஆலோசகருக்கு மட்டும் பணம் உடனே போனது.

முடிவெடுத்த பிறகு ‘கலந்தாலோசனை’க்குக் கூப்பிடுவதும் வழக்கமாகிவிட்டது. பூர்வகுடிகளின் உரிமையைப் பாதிக்கக்கூடிய செயலில் இறங்கும் முன்பே அரசு கலந்து பேசவேண்டும் என்று 2004இல் ஹைடா என்ற முதற்குடியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் அலுவலகத்துக்குச் சட்டக் கடமை இருக்கிறதோ இல்லையோ, வரைபடம் அச்சான பிறகு கருத்துக் கேட்டால் அது வெறும் அறிவித்தல்தான்.

உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாளான செப்டெம்பர் 30க்குச் செம்மஞ்சள் சட்டை போடுகிறீர்களா? சரி, போடுங்கள். 1973இல் பாட்டி வாங்கித் தந்த அந்த நிறச் சட்டையுடன் வதிவிடப் பாடசாலைக்குப் போன ஆறு வயதுச் சிறுமியிடமிருந்து, முதல் நாளே அதைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். உங்கள் 200 சட்டைகளையும் மலிவு விலைக்காக எங்கோ ஓர் இணையக் கடையில் வாங்காதீர்கள். முதற்குடி மக்கள் நடத்தும் அச்சகங்கள் இருக்கின்றன, ஓகஸ்டிலேயே கேட்டுவையுங்கள்.